கோடு கிழித்தவர்கள்: புதுக்கோட்டையிலிருந்து உலக இன மோதல்களைக் கற்பித்தல்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக் குடிமையியல் நூலின் முதல் பாடம் அதிகாரப் பகிர்வு. அதில் இரண்டு நாடுகள் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. பெல்ஜியத்தில் டச்சு பேசுவோர் 59 விழுக்காடு, பிரெஞ்சு பேசுவோர் 40 விழுக்காடு. 1970க்கும் 1993க்கும் இடையில் நான்கு முறை அரசமைப்பைத் திருத்தி ஒருவருக்கொருவர் இடம் விட்டார்கள். இலங்கையில் சிங்களம் பேசுவோர் 74 விழுக்காடு, தமிழ் பேசுவோர் 18 விழுக்காடு. அங்கே பெரும்பான்மை தன் விருப்பத்தைத் திணித்தது. நாடு உள்நாட்டுப் போரில் விழுந்தது. பகிர்ந்தவர் பிழைத்தார், திணித்தவர் கெட்டார். தெளிவான பாடம், தேர்வுக்கும் வசதியானது.

இதே பாடத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடத்தும் ஆசிரியரின் நிலை சற்று வேறு. லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய ஊர்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. பாடத்தில் வரும் போருக்குத் தப்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட மீனவர் வீடுகள் உண்டு. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போனவர்கள் இல்லாத கிராமம் குறைவு. உலக விவகாரம் என்று பாடநூல் சொல்வது இங்கே பல வீடுகளின் குடும்பக் கதை.

இந்த அண்மை ஆசிரியருக்கு உதவும். சிக்கலும் அதிலேயே இருக்கிறது. இலங்கைப் பாடத்தில் அடிபட்டவர் நம்மவர். ஆகவே மாணவர் மனம் எளிதில் இளகும். கோபமும் எளிதில் வரும். பாடம் அங்கேயே முடிந்துவிடும். அனுதாபம் நல்ல குணம்தான், ஆனால் அது அறிவாகாது. இரு மக்கள் எப்படி இரண்டு பக்கமாகப் பிரிக்கப்பட்டார்கள், எந்தச் சட்டம், எந்தப் பதிவேடு, எந்த மதிப்பெண் பட்டியல் அந்தக் கோட்டைக் கிழித்தது, கிழித்ததால் ஆதாயம் பெற்றவர் யார் என்று கேட்கப் பழகுவதே இன மோதலைப் படிப்பது. அந்தக் கேள்விகளை நாம் வலிமையான பக்கத்தில் நிற்கும் இடங்களிலும் கேட்கத் தெரிந்தால்தான் படிப்பு நிறைவு பெறும். இந்த இரண்டையும் செய்வதற்கான பொருள் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது.

அரண்மனையும் கைரேகையும்

இன அடையாளம் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் பெயர் நார்வே மானுடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த். 1969இல் அவர் தொகுத்த நூலின் முன்னுரை ஒரு புதிய பார்வையைத் தந்தது. ஒரு குழுவின் உணவு, உடை, சடங்கு எல்லாம் காலத்தோடு மாறுகின்றன; மாறாமல் காக்கப்படுவது ‘நாம்’, ‘அவர்கள்’ என்ற எல்லைதான். ஆகவே ஆய்வாளர் பார்க்க வேண்டியது அந்த எல்லையை என்றார் அவர். 1985இல் டொனால்ட் ஹொரோவிட்ஸ் எழுதிய பெருநூல் மொழி, மதம், நிறம், பழங்குடி, சாதி எல்லாவற்றையும் இன அடையாளம் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. பிறப்பால் வருவதாக நம்பப்படும் எந்த அடையாளமும் அரசியலில் ஒரே மாதிரி வேலை செய்யும் என்பது அவர் வாதம்.

இந்தக் கோட்பாட்டை மாணவருக்கு விளக்க ருவாண்டாவுக்கோ பொஸ்னியாவுக்கோ போக வேண்டியதில்லை. அமெரிக்க ஆய்வாளர் நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட ‘தி ஹாலோ கிரவுன்’ முழுக்க முழுக்கப் புதுக்கோட்டை சமஸ்தானத்தைப் பற்றியது. சாதி என்பது மதம் வகுத்த மாறாத ஏணி என்ற பொதுவான கருத்தை அவர் இந்த ஊரை வைத்தே மறுத்தார். தொண்டைமான்களின் ஆட்சியில் யார் மேல், யார் கீழ் என்பதை முடிவு செய்ததில் அரசரோடு இருந்த நெருக்கம், மானியமாகக் கிடைத்த நிலம், கோயிலில் கிடைத்த முதல் மரியாதை ஆகியவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு என்று காட்டினார். அதிகாரம் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது மகுடம் மட்டும் மிஞ்சியது, உள்ளே இருந்த அரசியல் வற்றியது. சாதியோ அரசியலிலிருந்து பிரிந்து தனியே இறுகிப்போனது என்பது அவர் முடிவு.

இதோடு இன்னொரு வரலாற்றைச் சேர்த்துப் படித்தால் பாடம் கூர்மையாகும். புதுக்கோட்டையில் ஆண்டவர்கள் கள்ளர் மரபினர். நூறு கிலோமீட்டர் தொலைவைக் கொஞ்சம் தாண்டினால் மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்கள், 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிச் சட்டத்தின் கீழ் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்யப்பட்டார்கள். இரவில் காவல் நிலையத்துக்கு வந்து கைரேகை வைக்க வேண்டும் என்பது விதி. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் இறந்தார்கள். 1947இல்தான் சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது. உட்பிரிவுகள் வேறு என்றாலும் பெயர் ஒன்று. அந்தப் பெயரைத் தாங்கியவர் ஓரிடத்தில் மகாராஜா, ஓரிடத்தில் ரேகைப் பதிவேட்டில் ஒரு எண். இரண்டு இடத்தையும் வேறுபடுத்தியது இரத்தமா, அரசாங்கமா? பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் இந்தக் கேள்வி புரியும். ருவாண்டாவில் பெல்ஜிய ஆட்சி 1930களில் ஹூட்டு, டுட்சி என்று அச்சிட்ட அடையாள அட்டைகளைக் கொடுத்ததும், அறுபது ஆண்டு கழித்து 1994இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்தே கொன்றதும் ஏன் என்பது அதன் பிறகு தானாகப் புரியத் தொடங்கும்.

அம்மாபட்டினத்துத் தோணி

இலங்கைப் பாடம் வழக்கமாக 1956ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் சட்டத்தில் தொடங்குகிறது. புதுக்கோட்டை மாணவருக்கு அதை ஒரு நூற்றாண்டு முன்பே தொடங்க வேண்டும். புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சை, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிய ஆட்கள் தொண்டி, அம்மாபட்டினம் போன்ற சிறு துறைகளில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியே நடந்து மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். காப்பி நோயால் அழிந்த பிறகு தேயிலை வந்தது. இவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அங்கேயே பிறந்தார்கள்.

1948இல் விடுதலை பெற்ற இலங்கையின் முதல் பெரிய சட்டங்களில் ஒன்று குடியுரிமைச் சட்டம். தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது அது. பிறப்புப் பதிவு என்ற பழக்கமே இல்லாத தோட்ட லயத்தில் அந்தச் சான்றை எங்கே தேடுவது? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். இங்கே மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கோடு சிங்களவருக்கும் தமிழருக்கும் நடுவில் மட்டும் விழவில்லை, தமிழருக்குள்ளும் விழுந்தது. யாழ்ப்பாணத்துத் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலத்தின் கட்சி அதே ஆண்டில் அரசோடு சேர்ந்தது; உடன்படாமல் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மொழி ஒன்று என்பதால் மக்கள் தானாக ஒன்றாகிவிடுவதில்லை.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இந்த மக்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். 1974இல் அந்த மீதியும் சரிபாதியாகப் பிரிந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரு தரப்பிலும் தோட்டத் தொழிலாளி ஒருவர்கூட இல்லை. தாயகம் திரும்பியோர் என்ற முத்திரையோடு வந்தவர்களில் பலர் அதற்கு முன் இந்த மண்ணை மிதித்ததே இல்லை.

அடுத்த அலை, தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறைக்குப் பிந்தியது. அவர்களுக்காக எழுந்த முகாம்களே லேணாவிளக்கும் தோப்புக்கொல்லையும் அழியாநிலையும். 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வீடுகளும் புதிதாகக் கட்டத் தொடங்கியது. ஆனால் குடியுரிமைச் சட்டம் மாறவில்லை. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் எவரும் பிறப்பாலேயே குடிமகன். அதன் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவருக்கு, மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்ற வகைக்குள்ளும் வரக்கூடாது. அகதிகளுக்கு வழிவிட்டதாகச் சொல்லப்படும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டுமே உண்டு, இலங்கை இல்லை.

இந்த மூன்று தேதிகளையும் கரும்பலகையில் எழுதினாலே போதும். ஒரே அரசு மருத்துவமனையில் ஒரே நாளில் பிறந்து, ஒரே பள்ளியில் ஒரே பாடத்தைப் படிக்கும் இருவரில் ஒருவருக்குப் பதினெட்டு வயதில் வாக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. 1948இல் இலங்கை செய்ததைக் கண்டித்த வகுப்பு, இங்கே நடப்பதை என்ன பெயரிட்டு அழைக்கும்? இரண்டும் ஒன்றல்ல என்று வாதிடவும் காரணங்கள் உண்டு. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தவரின் உரிமை பறிக்கப்பட்டது. இங்கே தஞ்சம் கேட்டு வந்தவருக்கு அது இன்னும் தரப்படவில்லை. ஆனால் முகாமில் பிறந்து முகாமில் பிள்ளை பெற்றவரிடம் இந்த வேறுபாடு எத்தனை நாள் செல்லுபடியாகும்? மாணவர்கள் வாதாட வேண்டிய இடம் இது.

229, 250: கடினமான வகுப்பு

1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு பல்கலைக்கழகச் சேர்க்கையில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. மருத்துவப் படிப்பில் சேரச் சிங்கள மொழியில் தேர்வெழுதியவருக்கு 229 மதிப்பெண் போதும். தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். யாழ்ப்பாணத்து இளைஞர்களின் கோபத்துக்கு இந்த இடைவெளியைப் போல எரிபொருள் தந்தது வேறில்லை. 1974 முதல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது.

தமிழ்நாட்டு வகுப்பறையில் இதைச் சொன்ன மறு நிமிடம் ஒரு கை உயரும்: “நம்ம ஊர் இட ஒதுக்கீடும் இதுதானே, சார்?” பெரும்பாலான ஆசிரியர்கள் தவிர்க்க நினைக்கும் கேள்வி இது. என் பார்வையில் முழுப் பாடத்திலும் விலை மதிப்புள்ள கேள்வி இதுவே. 1921இல் தொடங்கிய வகுப்புவாரி ஆணைகள், 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கும் அதையடுத்த முதல் அரசமைப்புத் திருத்தமும், இன்றைய 69 விழுக்காடு ஆகியவற்றின் பலனைக் குடும்பத்திலேயே கண்ட மாணவர்கள் இங்கே அதிகம். வேறு வேறு குழுக்களுக்கு வேறு வேறு குறைந்தபட்ச மதிப்பெண் என்பது அவர்களுக்கு அநீதியாகத் தோன்றாது. அப்படியானால் இலங்கையில் நடந்தது மட்டும் எப்படி அநீதி?

மேலோட்டமான பதில், அங்கே பெரும்பான்மை சிறுபான்மையை அமுக்கியது என்பது. அது போதாது, தமிழ்நாட்டிலும் இட ஒதுக்கீட்டுச் சட்டத்தை இயற்றியவர்கள் எண்ணிக்கையில் பெரும்பான்மையினரே. விடையை மூன்று இடங்களில் தேடலாம்.

முதலாவது, எதைக் கொண்டு அளந்தார்கள் என்பது. தமிழ்நாட்டில் சமூகப் பின்னடைவே அளவுகோல். அதைச் சட்டநாதன், அம்பாசங்கர் ஆணையங்கள் ஊர் ஊராக ஆராய்ந்தன. நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவும் வழி இருந்தது. இலங்கையின் முதல் அளவுகோல் தேர்வெழுதிய மொழி. மிஷனரிப் பள்ளியில் படித்த யாழ்ப்பாண வழக்கறிஞரின் மகனும், ஆய்வுக்கூடமே காணாத மன்னார் மீனவரின் மகனும் அதில் ஒரே தட்டு. இரண்டாவது, மற்ற வாசல்கள் திறந்திருந்தனவா என்பது. 1956க்குப் பிறகு அரசுப் பணி தமிழருக்குச் சுருங்கிக்கொண்டே வந்தது; மிஞ்சியிருந்த வாசல் பல்கலைக்கழகம். மூன்றாவது, முறையீட்டுக்கு இடம். பழைய அரசமைப்பில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாகக் கருதப்பட்ட 29ஆம் பிரிவு 1972ஆம் ஆண்டு அரசமைப்பில் காணாமற்போனது.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கிராமப்புறச் சிங்கள மாணவர்களின் பள்ளிகளில் அறிவியல் வசதி குறைவு என்பதும், யாழ்ப்பாணம் கல்வியில் முன்னே நின்றது என்பதும் உண்மை. மாவட்ட ஒதுக்கீட்டால் வவுனியா, மன்னார் போன்ற பின்தங்கிய தமிழ்ப் பகுதிகளின் பிள்ளைகளும் இடம் பெற்றார்கள். முன்னேறிய குழு, பின்தங்கிய குழு என்ற ஒப்பீடும் அதில் பிறக்கும் அச்சமும் இன மோதலுக்கு மூலமாகின்றன என்று ஹொரோவிட்ஸ் எழுதியதற்கு இலங்கையே அவர் அடிக்கடி எடுத்த உதாரணம். ஒரு பிரச்சினை உண்மையாக இருந்தும் அதற்குத் தரப்பட்ட தீர்வு ஒரு மக்களையே வெளியே தள்ளலாம் என்பதைப் பதினாறு வயதில் புரிந்துகொண்டவர், செய்தித்தாளை வேறு கண்ணோடு படிப்பார்.

எல்லாளனின் நீதி

பாடநூல்களும் கோடு கிழிக்கும். 1980களின் தொடக்கத்தில் ரெஜி சிறிவர்தன உள்ளிட்ட இலங்கை அறிஞர்கள் தங்கள் நாட்டுப் பள்ளிப் புத்தகங்களை ஆராய்ந்தார்கள். சிங்களப் பிள்ளைகளின் வாசிப்பு நூல்களில் சிங்கள பௌத்த உலகமே நிறைந்திருந்தது. தமிழர் பெரும்பாலும் பழைய போர்களின் எதிரிகளாக வந்துபோனார்கள். தாய்மொழிக் கல்வி நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். ஆனால் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காரும் வாய்ப்பு அதோடு குறைந்தது. 2008இல் கல்வி அமைச்சு சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கை ஒன்றை வகுத்தபோது, தனித்தனியாகப் படித்த இரண்டு தலைமுறைகள் கடந்துவிட்டன.

இங்கே தமிழ் மாணவருக்கு ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. சிங்கள அரசன் துட்டகைமுனு தமிழ் அரசன் எல்லாளனை வென்ற கதை சிங்களத் தேசியத்தின் ஆதாரக் கதை. அதைச் சொல்லும் மகாவம்சமே எல்லாளனை நீதிமானாகவும் காட்டுகிறது. கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனைத் தண்டித்த கதையை, திருவாரூர் மனுநீதிச் சோழனோடு நாம் சேர்த்துச் சொல்லும் அதே கதையை, அது எல்லாளன் மீது ஏற்றிச் சொல்கிறது. வீழ்ந்த அரசனுக்கு நினைவிடம் எழுப்பி மரியாதை செய்யத் துட்டகைமுனு கட்டளையிட்டதாகவும் எழுதுகிறது. மூலநூலில் இருந்த பெருந்தன்மை பிற்காலப் பாடநூலில் எப்படிக் கரைந்தது? இதைத் தேடும் மாணவர், நம் பாடநூல்களில் வெற்றிவாகை சூடிய சோழ மன்னர்கள் அநுராதபுரத்தில் என்ன செய்தார்கள் என்றும் தேட வேண்டும்.

மோதலுக்குப் பிறகு பள்ளியை என்ன செய்வது என்பதில் உலகம் பல வழிகளை முயன்றிருக்கிறது. ருவாண்டா 1994க்குப் பின் வரலாற்றுப் பாடத்தையே நிறுத்திவைத்தது. பிறகு இனப் பெயர்களைப் பொதுப் பேச்சிலிருந்து விலக்கியது. அமைதி வந்தது, கேள்விகள் மண்ணுக்குள் போயின. பொஸ்னியாவில் ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள்: குரோவாட்டியப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், பொஸ்னியாக் பிள்ளைகளுக்கு ஒன்று, சில இடங்களில் வாசலும் தனி. நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தும் முறை முற்றாக மறையவில்லை. வட அயர்லாந்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து படிக்க 1981இல் லாகன் கல்லூரி தொடங்கியது. நாற்பது ஆண்டு கழித்தும் அத்தகைய பள்ளிகளில் பத்தில் ஒரு பங்கு மாணவர்கூட இல்லை. பேசாமல் விடுவதும் பிரித்து வைப்பதும் நிலையான தீர்வைத் தரவில்லை. சேர்த்து உட்கார வைப்பது மெல்லத்தான் வளர்கிறது. எனவே வகுப்பில் ஏற்கெனவே சேர்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை வீணாக்காமல் பேச வைப்பதே கைக்கு எட்டிய வழி.

கடலில் யார் எதிரி?

இன மோதல் என்ற சட்டகத்துக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட முடியாது என்பதற்குப் புதுக்கோட்டைக் கடற்கரையே சாட்சி. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன விசைப்படகு நெடுந்தீவு அருகே மூழ்கி நால்வர் இறந்தார்கள். கடற்படைக் கப்பலோடு படகு மோதியதாக இலங்கைத் தரப்பு சொன்னது; தாக்கிக் கொன்றார்கள் என்றனர் தமிழக மீனவர்கள். இறந்த நால்வரில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழர். தஞ்சம் தந்த நாட்டின் படகில் போனவர், தன் சொந்த நாட்டின் கடலில் முடிந்துபோனார். இந்தியர், இலங்கையர் என்ற இரண்டு பெட்டிகளில் அவரை எதில் போடுவது?

அடுத்த ஆண்டு ஜனவரி இறுதியில் வடமராட்சி கிழக்கு மீனவர் இருவர் கடலில் இறந்தபோது, இந்திய இழுவைப் படகு மோதியதே காரணம் என்று குற்றம்சாட்டி யாழ்ப்பாணத்து மீனவர்கள் சாலையை மறித்தார்கள். அடிமடி இழுவலை கடலின் தரையையே சுரண்டுகிறது. குஞ்சும் முட்டையும் மிஞ்சாது. சிறு படகினரின் வலைகளும் அறுந்துபோகின்றன. இலங்கை 2017இல் அதைச் சட்டம் போட்டே தடை செய்தது. போரால் முப்பது ஆண்டு கடலுக்குப் போக முடியாதிருந்த வடக்கு மீனவர் திரும்பி வந்தபோது எதிரே கண்டது தமிழகத்து இழுவைப் படகுகளை. இங்கே இரு தரப்பும் தமிழர். மோதல் மீனுக்கும் டீசலுக்கும் கடனுக்கும் நடுவில் நடக்கிறது. கடற்படைத் துப்பாக்கியைப் பற்றிக் கோபப்படும் மாணவர், நெடுந்தீவுக்காரரின் அறுந்த வலையையும் கணக்கில் எடுத்தால்தான் 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்களும் கச்சத்தீவும் அவருக்கு முழுதாகப் புரியும்.

இதே நேர்மையோடு 1990 அக்டோபரையும் சொல்லியாக வேண்டும். அந்த மாதத்தில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சில நாட்களுக்குள், யாழ்ப்பாண நகரில் சில மணி நேரத்துக்குள், வெளியேற்றினார்கள். அவர்களின் தாய்மொழி தமிழ். கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் மாவட்டத்தில் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு இலங்கைப் பாடத்தை நடத்தினால், யாரை ‘நாம்’ என்று சொல்கிறோம் என்பதை அந்தப் பிள்ளைகள் கவனித்துக்கொள்வார்கள்.

சிங்கப்பூரையும் சேர்க்கலாம். 2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவில் புதுக்கோட்டை மாவட்டத்துத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நகரம் காணாத கலவரம் அன்று வெடித்தது. விசாரணைக் குழு, விபத்தைப் பற்றிய தவறான புரிதலையும் மதுவையும் காரணமாகக் கண்டது. வேலை நிலைமைகள் மீதான அதிருப்தி காரணமல்ல என்றது. தொழிலாளர் உரிமைக்காகப் பேசியவர்கள் அதை ஏற்கவில்லை. பல நாட்டினரும் பல இனத்தவரும் வாழும் நகரில், ஒரே நிகழ்ச்சியை விபத்து, குடிப்பழக்கம், தொழிலாளர் பிரச்சினை, இனப் பிரச்சினை என்று நான்கு விதமாகப் பெயரிட முடிந்தது. பெயரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாருடையது என்பதே மாணவருக்கான கேள்வி.

வேங்கைவயலைத் தவிர்த்துவிட முடியாது

2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில், சாதியையும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கோரின. சாதி இனம் அல்ல, உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு எதிர்த்தது. இறுதி அறிக்கையில் சாதி இடம்பெறவில்லை. உலக அரங்கில் நடந்த இந்த விவாதத்தின் உள்ளூர்ப் பக்கம் வேங்கைவயல்.

2022 டிசம்பர் இறுதியில் முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகே காரணம் புரிந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அருகிலுள்ள இறையூரில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார்கள். கோயிலுக்குள் தலித் மக்களை அழைத்துச் சென்றார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில் அது தலித் தரப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வேங்கைவயல் மக்களும் பல கட்சிகளும் இயக்கங்களும் அதை ஏற்க மறுத்து, மத்தியப் புலனாய்வுக்கு மாற்றக் கோரினார்கள்.

குற்றவாளி யார் என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. வகுப்பறைக்கான பொருள் வேறு. ஒரு ஊருக்குள் தனித் தொட்டி எப்படி வந்தது, அதற்கு ஒப்புதல் தந்த கோப்பு எது, இரட்டைக் குவளையை அத்தனை ஆண்டு பார்த்தும் பாராமல் கடந்துபோனவர்கள் யார்? இலங்கையிடம் கேட்ட அதே கேள்விகள்தான் இவை. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதி நிறக் கயிறு, நெற்றிக் குறி, பள்ளிப் பெயரில் சாதி எல்லாவற்றையும் நீக்கச் சொன்னது. தேவையான நடவடிக்கைகள். ஆனால் கயிற்றை அறுப்பதால் மட்டும் கயிறு கட்டிய மனம் மாறிவிடாது. அந்த நிறம் எப்போது, யாருக்காக வந்தது என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும்.

எப்படி நடத்துவது

இந்தப் பாடத்துக்குப் புதிய பாடநூல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எந்த மோதலை எடுத்தாலும் நான்கு கேள்விகள் போதும். கோடு எப்போது விழுந்தது? எந்த ஆவணம் அதைப் போட்டது? இரு பக்கமும் கலந்து வாழ்ந்த காலம் எது? கோட்டால் லாபம் அடைந்தவர் இரு பக்கத்திலும் யார் யார்? கடைசிக் கேள்வியில் ‘இரு பக்கத்திலும்’ என்பது முக்கியம்.

ஆவணங்களுக்கும் பஞ்சமில்லை. திருக்கோகர்ணத்து அருங்காட்சியகமும், சமஸ்தானக் காலத்து மாநிலக் கையேடும், தனியார் முயற்சியில் லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைச் சேர்த்த ஞானாலயாவும் புதுக்கோட்டை நகரிலேயே உள்ளன. ஈழத்துத் தமிழ் எழுத்துகளை இலவசமாகத் தரும் நூலகம் இணையதளம் ஒரு கைபேசித் தூரத்தில் இருக்கிறது. 1991இல் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத் தந்தது. வாழ்க்கைக்குப் பக்கத்தில் நிற்கும் கல்வி நிலைக்கும் என்பது இங்கே சோதித்துப் பார்த்த உண்மை.

ஆசிரியர் காக்க வேண்டிய எல்லைகளும் உண்டு. முகாம் பிள்ளையை எழுப்பி, “உங்க ஊர்ல என்ன நடந்துச்சு, சொல்லு” என்று கேட்கக் கூடாது. வேங்கைவயலைப் பேசும்போது தலித் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது. துன்பப்பட்டவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது கல்வி ஆகாது. ஆவணம் சாட்சி சொல்லட்டும். ஆசிரியரும் ஒரு ஊரில், ஒரு தெருவில் பிறந்தவர். தன் தெருவைப் பற்றிய கேள்வியை முதலில் அவரே எடுத்து வைத்தால், மாணவர் தங்கள் தெருவைப் பற்றிப் பேசத் துணிவார்கள். ஒற்றை விடை இல்லாத கேள்விக்கும் மதிப்பெண் தரும் ஏற்பாடு தேர்வில் வராதவரை இதெல்லாம் ஆசிரியரின் சொந்த முயற்சியாகவே இருக்கும் என்பதையும் கல்வித் துறை உணர வேண்டும்.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அநீதி என்று சொல்லத் தமிழ்ப் பிள்ளைக்குப் படிப்பு தேவையில்லை, பிறப்பே போதும். வடமராட்சி மீனவரின் வலைக்கும், 1990இல் வீட்டுச் சாவியோடு வெளியேறிய முஸ்லிமுக்கும், வேங்கைவயல் தொட்டிக்கும் அதே அளவுகோலை எடுக்கத்தான் படிப்பு வேண்டும். தன் தரப்பு லாபம் பெற்ற ஒரு கோட்டையாவது மாணவர் தானே அடையாளம் கண்டாரா என்பதை வைத்தே இந்தப் பாடம் நடந்ததா இல்லையா என்று முடிவு செய்யலாம்.